பரேல் மாளிகையில் ஒரு விஞ்ஞானி: ஹாப்கின் வரலாறு

பம்பாய் நகரத்துப் பரேல் பகுதியில் பழைய கவர்னர் மாளிகை ஒன்று உண்டு. ஆதியில் கிறிஸ்தவத் துறவியர் மடமாயிருந்து, பின்னர் ஆங்கிலேயக் கவர்னர்களின் உறைவிடமாயிற்று. 1882-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த கவர்னரின் மனைவியார் காலரா கண்டு இறந்தார். அதன் பின்னர் கவர்னர்கள் மலபார் முனைக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் நீங்கிச் சென்ற அம்மாளிகையில் 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு கிருமி ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பெற்றது. அதன் தலைவராய் அமர்ந்தவர் அதே காலராவுக்கும், அதனினும் கொடிய பிளேக் என்னும் கொள்ளைநோய்க்கும் தடுப்பு மருந்து கண்டவர். அவர் ஆங்கிலேயரும் அல்லர், இந்தியரும் அல்லர், மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர். ருஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். வால்டெமர் ஹாப்கின் என்பது அவர் பெயர்.

மருந்தைக் கண்டறிவது விஞ்ஞானத்தின் வேலை. அம்மருந்தைக் கையிலேந்தி வருவோனை மக்கள் வரவேற்பதும் கல்லெறிந்து துரத்துவதும் விஞ்ஞானத்துக்குப் புறம்பான வேறு காரணங்களைச் சார்ந்தவை. அச்சம், மானம், வதந்தி, சாதி, அரசின் மீதுள்ள வெறுப்பு, வருவோனின் பிறப்பு ஆகிய இவையெல்லாம் அங்கே வந்து நிற்கின்றன. ஹாப்கின் தம் மருந்துகளைக் கண்டது சில ஆண்டு உழைப்பு. அவற்றைச் சமுதாயத்தினிடையே கொண்டு செல்ல முயன்றதோ ஏறக்குறைய அவருடைய வாழ்நாள் முழுவதும். ஆகவே அவர் வரலாறு ஒரு கிருமி ஆராய்ச்சியாளரின் வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை.

அவர் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றார். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காப்பதைக் கண்டுபிடித்துப் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற மெச்னிகாவ் அங்கே அவருக்கு ஆசிரியர். 1881-ஆம் ஆண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபோது, அப்பழி யாதொரு நியாயமுமின்றி யூத மக்கள் தலையில் விழுந்தது. தென் ருஷ்ய நகரங்களில் யூதர் தெருக்கள் சூறையாடப்பட்டன. ஒடெஸ்ஸாவில் தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர் கூட்டத்தில் ஹாப்கினும் நின்று காயமுற்றார், சிறை பிடிக்கப்பட்டார். மெச்னிகாவ் இடையிட்டுச் சாட்சி கூறியதால் விடுதலை கிடைத்தது.

கல்வியில் அவர் முதல் வரிசையினர். எனினும் ருஷ்யப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி அடைய வேண்டின் ஞானஸ்நானம் பெற்று அரசாங்க மதத்தில் சேர வேண்டும். அவர் மறுத்துவிட்டார். மறுத்ததன் விலை, ஒடெஸ்ஸா விலங்கியற் காட்சிசாலையில் ஒரு சிறு வேலையோடு ஆறு ஆண்டுகள் அடங்கியிருந்ததே. தன் அறிவு தெளிந்து மதம் மாறுவது ஒன்று. உத்தியோகத்துக்காக மாறு என்று பிறர் வற்புறுத்துவது மற்றொன்று. இவ்விரண்டின் வேற்றுமையை நம் வாசகருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

1888-இல் ஸ்விட்ஜர்லாந்து நாட்டு ஜினீவா நகருக்கும், மறு ஆண்டு பாரிசுக்கும் சென்றார். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டரின் பெயரால் அமைந்த நிலையத்தில் மெச்னிகாவ் முன்னமே சேர்ந்திருந்தார். அங்கே ஹாப்கினுக்குக் கிடைத்த இடம் நூலகத்தில்தான். பகலில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி மேசையில் அமர்ந்தார். அப்பொழுது ஐரோப்பாவைக் காலரா மீண்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. காலராக் கிருமியை ஜெர்மானிய அறிஞர் காக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியிருந்தார். ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் அடுத்த ஆண்டிலேயே ஒரு தடுப்பு மருந்தைப் பல்லாயிரம் பேருக்குக் குத்தியுமிருந்தார். ஆனால் அவர் காட்டிய கணக்கு மற்ற அறிஞர்க்கு நம்பிக்கை அளிக்கவில்லை. எனவே அம்முயற்சி பழிப்புக்கு ஆளாயிற்று. கணக்கில்லாத மருந்து கைவிடப்படும் என்னும் பாடத்தை ஹாப்கின் அங்கிருந்தே கற்றார் போலும்.

அவருடைய முறை இது. காலராக் கிருமியைக் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியின் வயிற்றறையுள் செலுத்தி, அதிலிருந்து எடுத்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் என 39 முறை மாற்றிவரின் கிருமியின் வேகம் ஒரு நிலைப்பட்டு மிகுகின்றது. மற்றொரு பகுதியை வெப்பமான காற்றோட்டத்தில் வளர்த்தால் வேகம் தணிகின்றது. முதலில் வேகம் தணிந்ததையும், சில நாள் கழித்து வேகம் மிக்கதையும் தோலின் கீழ்ச் செலுத்தினால் உடல் நோயை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். விலங்குகளில் இது மெய்ப்பட்டது. மனிதனுக்கு? 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அவர் அதனைத் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்தன, தணிந்தன. ஆறு நாள் கழித்து இரண்டாவது மருந்தும் ஏற்றுக்கொண்டார். பின்னரே நண்பர் சிலர்க்குக் குத்தினார். பின்னரே கழகத்தில் அறிவித்தார். இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். அவர் வாழ்நாள் முழுதும் இது மாறவில்லை.

பிறந்த நாடு அம்மருந்தை ஏற்கவில்லை. முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்த டப்பெரின் பிரபு அப்பொழுது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவருடைய உதவியால் ஹாப்கின் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவில் வந்திறங்கினார். வயது 33. கையில் உத்தியோகம் இல்லை. இந்திய மொழி எதுவும் தெரியாது. ருஷ்ய நாட்டவர் ஆகையால் ஒற்றரோ என்ற ஐயம் அரசாங்கத்தாருக்கு. வெள்ளைக்காரர் ஆகையால் அரசாங்கத்தின் ஆளோ என்ற ஐயம் மக்களுக்கு. ஆக்ராவில் தொடங்கி வடநாடெங்கும் சுற்றினார். முதல் ஆண்டிலேயே 22,000 பேருக்கு மேல் ஊசி ஏற்றிக்கொண்டனர்.

எண்ணிக்கை பெரிது; ஆயினும் அவர் மனம் நிறையவில்லை. சிப்பாய்கள் ஊர் மாறிச் செல்கின்றனர். குத்திக்கொண்டவர்க்குப் பின் என்ன நேர்ந்தது என்று எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை கல்கத்தாவின் சேரிகளில் கிடைத்தது. அங்கே ஒரு குட்டையைச் சுற்றி நெருங்கிய குடிசைகள். அக்குட்டை நீரிலேயே குளிப்பு, துவைப்பு, குடிப்பு யாவும். ஆண்டுதோறும் அவ்விடங்களில் காலரா தோன்றும். 1894-ஆம் ஆண்டின் வேனிலில் நகரச் சுகாதார அதிகாரி ஸிம்ப்ஸன் அவரை அழைத்துச் சென்றார். கட்டால் பாகான் என்னும் சேரியில் ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 116 பேர் ஊசி குத்திக்கொள்ள இசைந்தனர். பின்னர் அச்சேரியில் பத்துப் பேருக்குக் காலரா கண்டது. ஏழு பேர் இறந்தனர். அப்பத்துப் பேருமே ஊசி குத்திக்கொள்ளாதவர்.

ஆனால் அந்த இசைவு எளிதில் கிடைத்ததன்று. கல்லெறி பட்டு அவருடைய கருவிகள் உடைந்ததும், அவர் கூட்டத்தின் முன்னே சட்டையை உயர்த்தித் தம் விலாவில் தாமே குத்திக்கொண்டு காட்டியதும் அவர் வரலாற்றை எழுதினோர் பலரும் கூறும் செய்திகள். வங்காள மருத்துவர் சிலரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அதிகாரிகளை விலக்கி, அவர்களோடு சேரிக்குள் நுழைந்ததே அவருடைய வெற்றிக்கு வழியாயிற்று. அம்மருத்துவர்களின் பெயர்கள் பெரிய நூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. விடியுமுன் சேரிக்குச் சென்று, வேலைக்குப் போவோர் புறப்படுமுன் காத்து நின்றவர்கள் அவர்களே. நன்றி மறவாமை கருதி இதனை இங்குக் குறிக்கின்றோம்.

இதனோடு ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சிறைக் கைதிகளிடமும், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடமும் அவர் மருந்தைச் சோதித்தார். அவர்கள் இசைந்தனர் என்றே ஏடுகள் கூறுகின்றன. துரைமார் நிற்கும் இடத்தில் கூலியின் இசைவும், காவலர் நிற்கும் இடத்தில் கைதியின் இசைவும் எத்துணை உரிமையுடையன என்பதை அக்காலத்தார் கேட்கவில்லை. நாம் கேட்காமலிருத்தல் ஆகாது.

மலேரியாவால் மெலிந்து 1895-இல் ஐரோப்பா சென்றவர் மறு ஆண்டு மீண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில், கோவா நாட்டு மருத்துவர் வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். அரசாங்கம் ஹாப்கினை அங்கே அனுப்பியது. அக்டோபர் 7-ஆம் நாள் அவர் பம்பாய் அடைந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய நடையும், ஓர் எழுத்தரும், மூன்று ஏவலரும் தரப்பட்டன. இவ்வளவே அவருடைய சேனை.

அம்மருந்தைச் செய்த விதத்தில் அவருடைய மனிதப் பண்பு விளங்குகின்றது. கிருமிகளை வளர்க்க மேனாட்டார் மாட்டிறைச்சிச் சாற்றினைப் பயன்படுத்துவர். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்நாட்டில் எத்தகைய உணர்ச்சியைக் கிளப்பும் என்பதை உணர்ந்த அவர் ஆட்டிறைச்சிச் சாற்றை எடுத்துக்கொண்டார். அதன் மேற்பரப்பில் நம் வீட்டு நெய்யைச் சில துளி மிதக்கவிட்டார். பிளேக் கிருமிகள் அந்நெய்த் துளியைப் பற்றிக்கொண்டு ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. சில நாளுக்கொருமுறை குடுவையை அசைத்து விழுதுகளை உதிர்க்க, புதியன முளைத்தன. ஆறு வாரம் கழிந்ததும் ஒரு மணி நேரம் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, சிறிது கார்பாலிக் அமிலம் சேர்ப்பர். உயிரற்ற கிருமியே மருந்து.

1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், பிறர்க்குக் கொடுக்க எண்ணிய அளவினும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட மருந்தை அவர் தம் உடலில் ஏற்றுக்கொண்டார். கடுங்காய்ச்சலில் சில நாள் துன்புற்று எழுந்தார். அம்மாத இறுதியில் பைக்குல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் ஊசி ஏற்றுக்கொண்டனர். பின்வந்த நாள்களில், ஏற்றுக்கொள்ளாதவருள் 12 பேருக்கு நோய் கண்டு ஆறு பேர் இறந்தனர், ஏற்றுக்கொண்டவருள் இருவர்க்கு நோய் கண்டது, இறந்தார் ஒருவருமிலர்.

சிறைக்கு வெளியே நிலை வேறு. நோயாளிகளை வீடு வீடாய்த் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதிகாரிகள் முற்பட்டனர். மருத்துவமனைக்குப் போனவர் பிணமாகவே திரும்புவதைக் கண்ட மக்கள், உள்ளே உடலிலிருந்து எண்ணெய் பிழிகின்றனர் என்று நம்பினர். 1896 அக்டோபர் இறுதியில் ஆயிரம் பேர் கொண்ட ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியது. மறு ஆண்டு பிப்ரவரிக்குள் நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஊரைவிட்டே ஓடினர்.

அப்பொழுது நகராட்சித் தலைமை அதிகாரியை நடுங்கவைத்த எண்ணம் ஒன்றுண்டு. செல்வர் ஓடினால் நகரம் பொறுக்கும். மலம் அள்ளும் ஹலால்கோர் தொழிலாளர் ஓடிவிட்டால் பம்பாய் ஒரு வாரமும் மனிதர் வாழத்தக்க இடமாக இராது. அவர்களுக்கு வெறுப்பு மூளாதிருக்கும் பொருட்டே சில கடுஞ்சட்டங்கள் தளர்த்தப்பட்டன. எவரைத் தொட்டால் தீட்டு என்று அந்நகரம் ஒதுக்கி வைத்ததோ, அவர் கையிலேதான் அந்நகரத்தின் உயிர் இருந்தது என்பதை ஒரு கொள்ளைநோய் எழுத்து மூலமாக ஒப்புக்கொள்ளச் செய்தது. நோய் தணிந்தபின் அவ்வறிவும் தணிந்துவிட்டது.

புனாவில் நிலைமை இன்னும் முற்றியது. சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை செய்தனர். பெண்டிரும் மானபங்கமுற்றனர் என்ற குமுறல் எழுந்தது. 1897 ஜூன் 22-ஆம் நாள் அந்நகரப் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டமே இத்தகைய அதிகாரங்களுக்கு ஆதாரம். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின்போதும் அதே சட்டம் எடுத்தாளப்பட்டதை வாசகர் அறிவர். இத்தனை கெடுபிடிக்கும் விஞ்ஞான ஆதாரம் யாது? சாக்கடைகளைக் கழுவினர், சுவரைக் கார்பாலிக்கால் நனைத்தனர், எலிகள் அடுத்த தெருவுக்கு ஓடின. எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதை நம் நாட்டு ஏழை மக்கள் பலவிடத்தும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டுசெல்கின்றது என்று பிரெஞ்சு மருத்துவர் ஸிமோன் 1898-இல் கராச்சியிலிருந்து அறிவித்தபோது அறிஞர் பலர் நகைத்தனர். அது மெய்யென்று பரேல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே நிலைநாட்டப்பட்டது 1905-ஆம் ஆண்டிற்குப் பின்னர்தான். எனவே அறியாமை ஒரு பக்கத்தில் மட்டும் குடியிருந்தது என்று எண்ணுதல் தவறு.

ஹாப்கின் கட்டாயத்தை விரும்பாதவர். ஊசி குத்திக்கொள்வது அவரவர் விருப்பத்துக்கு உரியது என்பதே அவர் கொள்கை. கோஜா முஸ்லிம்களின் தலைவரான இளைஞர் ஆகா கான் பலர் முன்னிலையில் ஊசி ஏற்றுக்கொண்டு, ஆராய்ச்சிக்குத் தம் மாளிகை ஒன்றையும் உதவினார். அவர் சமூகத்தார் பல்லாயிரவர் பின்தொடர்ந்தனர். நம்பத்தக்கவர் ஒருவர் முன்வந்தால் நூறு சிப்பாய்களால் ஆகாதது ஆகின்றது. பெங்களூரில் 1898-இல் பிளேக் பரவியபோது நோயாளர் முகாமில் அஞ்சாது உழைத்த டாக்டர் பல்புவையும் இங்கே நினைக்கலாம். சென்னையில் மருத்துவம் பயின்ற அவருக்கு, ஈழவர் என்ற ஒரே காரணத்தால் திருவிதாங்கூர் அரசு வேலை மறுத்தது; மைசூர் அரசு ஏற்றது. ருஷ்யா துரத்திய ஒருவர் பம்பாயிலும், திருவிதாங்கூர் துரத்திய ஒருவர் பெங்களூரிலும் ஒரே நோயோடு போராடினர்.

இனி உந்தேரா. பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில் 1898 பிப்ரவரியில் ஹாப்கின் செய்த சோதனை அவர் செய்தவற்றுள் தலையாயது என்பது நம் கருத்து. ஊசி குத்திக்கொண்டவர் செல்வர், தூய்மையாய் வாழ்பவர், ஆதலால் தப்பினர் என்று எவரும் கூறக்கூடும் அல்லவா? அவ்வாய்ப்பை அவர் அடைத்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசையாய் நிறுத்தி, ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குத்தி, மறுபாதியை விட்டுவிட்டார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே எலி. பின்னர் நோய் புகுந்த 28 குடும்பங்களில் ஊசி ஏற்காதவர் 64 பேர். அவருள் 27 பேருக்கு நோய். 26 பேர் மாண்டனர். ஊசி ஏற்றவர் 71 பேர், எட்டுப் பேருக்கு நோய், மூவர் மாண்டனர். மருந்து முழுக் கவசமன்று என்பதையும், ஆயினும் பெருங்காப்பு என்பதையும் இந்த எண்கள் ஒருங்கே சொல்கின்றன. மூவர் இறந்ததை அவர் மறைக்கவில்லை. அந்த 26 பேரைக் குறித்து அவர் நெஞ்சு என்ன பட்டதோ, அறியோம். இன்றைய விதிகள் இத்தகைய சோதனைக்கு எளிதில் இடம் தாரா.

கணக்கில் சில பிழைகளை எடுத்துக்காட்டினாலும், இந்திய பிளேக் ஆராய்ச்சிக் குழுவும் ஊசியைப் பரிந்துரைத்தது. பரேல் மாளிகை மருந்துத் தொழிற்சாலையாயிற்று. 1902-இல் பஞ்சாபில் நோய் பெருகவே, அம்மாகாண அரசு பல லட்சம் பேருக்கு ஊசி குத்தத் திட்டமிட்டு அளவின்றி மருந்து கேட்டது. விரைவின் பொருட்டு ஹாப்கின் செய்முறையை மாற்றினார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்து, சூட்டை மட்டும் நம்பினார். பாரிசு நிலையமும் இவ்வாறே செய்துவந்தது. எனினும், இந்திய நாட்டுப் புறவெளியில், புழுதியில், பயிற்சி குறைந்த கைகளில் திறக்கப்படும் புட்டிக்கு அந்த அமிலம் ஓர் இரண்டாம் காவலாக இருந்திருக்கும். இதனை அவர் மீது அன்புடையாரும் ஒப்ப வேண்டும்.

1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபின் குஜராத் மாவட்டத்து முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு ஊசி குத்தப்பட்டது. சில நாளில் அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகி உடல் வில்லாய் வளைந்தது. தனுர்வாதம். பத்தொன்பதின்மரும் மாண்டனர். அனைவரும் 53-என் என்று குறியிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர். மற்றப் புட்டிகளிலிருந்து பெற்றவர்க்கு ஒரு தீங்கும் இல்லை.

பம்பாய்ப் பிரதம நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. புட்டி திறக்கப்படுமுன்னரே, பரேலிலேயே, நஞ்சு புகுந்தது என்று அக்குழு முடிவு கூறியது. ஹாப்கின் பரேலின் தலைமையினின்று நீக்கப்பட்டார். 1904-இல் சம்பளமின்றி லண்டன் சென்று காத்திருந்தார். விசாரணை ஏடுகள் ஆண்டுக்கணக்கில் வெளியிடப்படவே இல்லை.

அவ்வேடுகளிலேயே மறுப்பு இருந்தது. முல்கோவாலில் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் ஒருவர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதனை நெருப்பில் காட்டித் தூய்மை செய்ய வேண்டும் என்பது விதி. அவரோ மருந்து நீரில் ஒருமுறை அலசிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். தனுர்வாதக் கிருமியின் பிறப்பிடம் மண். மேலும், அக்கிருமி பல வாரம் புட்டிக்குள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்த மருத்துவர் அவ்வாறு ஒன்றும் உணரவில்லை. இவ்வளவும் குழுவினர் கண்முன் இருந்தன. லண்டன் லிஸ்டர் நிலையத்து அறிஞரும் ஐயத்தைத் தெரிவித்தனர். ஆயினும் அதிகார பீடம் அசையவில்லை. ஏன்? மருத்துவத் துறையார் அல்லாதவர், மருத்துவப் பட்டமில்லாதவர், வெளிநாட்டார், யூதர். தம் கூட்டத்தைச் சேராத அவர் தலைமையில் அமர்ந்திருந்தது மருத்துவ உத்தியோகத்தார் பலருக்கு முன்னமே முள்ளாய் உறுத்தியது. சேரி மக்களை நோக்கி, ஆதாரத்தைக் கண்டு அச்சத்தை விடுங்கள் என்று அறிவுறுத்திய கனவான்கள், தங்கள் முன் ஆதாரம் வந்தபோது பிறப்பைப் பார்த்தனர். கட்டால் பாகான் மக்கள் ஒரு நாளில் மனம் மாறினர். காரியாலயம் மனம் மாற ஐந்தாண்டு ஆயிற்று.

மலேரியாவைக் கொசு பரப்புவதை இந்தியாவில் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவ்வழக்கைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். 1907 ஜூலையில், அவரும் மற்ற அறிஞர் ஒன்பதின்மரும் கையொப்பமிட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது. பிரான்சில் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட யூத இராணுவ அதிகாரி டிரைபஸின் வழக்கோடு மக்கள் இதனை ஒப்பிட்டுப் பேசினர். பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் கேள்வி எழுந்தது. ஆண்டு இறுதியில் அரசாங்கம் அவரை மீண்டும் வேலைக்கு அழைத்தது.

இதற்கிடையில் கொடுத்த விலை அவருடையது மட்டுமன்று. முல்கோவால் செய்தி பரவியவுடன் பஞ்சாபின் பெருந்திட்டம் சரிந்தது; குத்திக்கொள்ள ஆளில்லை. 1907-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் 13 லட்சத்துக்கு மேல். அவருள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் பஞ்சாபியர். திட்டம் நடந்திருப்பின் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று எண்ணிப்பார்க்க எவருக்கும் மனம் வராது.

ஹாப்கின் மீண்டார், ஆனால் பரேலுக்கு அன்று. அவ்விடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். கல்கத்தாவில், முன்பு ராஸ் கொசுக்களை ஆராய்ந்த சிறு கூடத்தில் இடம் தந்தனர். மனிதர்க்கு மருந்து குத்தி ஆராயும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. எதற்காக வாழ்ந்தாரோ அக்கதவு சாத்தப்பட்டது. 1914-ஆம் ஆண்டளவில் ஓய்வு பெற்று இந்தியாவை விட்டுப் புறப்பட்டார், வயது 54. மணம் செய்துகொள்ளவில்லை. பாரிசை அடுத்த ஓரிடத்திலும், இறுதியில் ஸ்விட்ஜர்லாந்து நாட்டு லோசான் நகரிலும் தனித்து வாழ்ந்தார். தம் முன்னோர் மதத்தின் பழைய ஒழுக்கங்களை வரவர இறுகப் பற்றினார். கிருமிகளை நூறு முறை சோதித்தவர் மரபைச் சோதியாது ஏற்றார் என்பது நமக்கு உடன்பாடன்று. எனினும் பதவிக்காக ஒருகால் விட மறுத்ததையே முதுமையில் பற்றினார் என்பதால், அவரிடம் பொய் இல்லை என்று துணிந்து கூறலாம்.

1925-ஆம் ஆண்டில், அப்பொழுது பரேலின் தலைவராயிருந்த மாக்கி என்னும் மருத்துவரின் முயற்சியால் அவ்வாராய்ச்சிக்கூடத்துக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் மாறியது. அதுவரை அங்கிருந்து வெளிச்சென்ற பிளேக் மருந்தின் அளவு 2 கோடி 60 லட்சம் பேருக்குப் போதுமானது. பெயர் மாற்றத்தை அறிந்த ஹாப்கின் நன்றி தெரிவித்து எழுதினார். தம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகளைப் பம்பாய் வேலை கொண்டுவிட்டது என்றும், அவ்விடத்தோடு தொடர்புடைய யாவும் தமக்கு எத்தகையன என்பதை விளக்க வேண்டியதில்லை என்றும் அதிற் குறித்தார். 1930 அக்டோபரில் லோசானில் காலமானார்.